காட்டை மூணு பக்கமா பிச்சு வச்சவங்களுக்கு, கூடலூர்லேர்ந்து ஒரு மடல்

எல்லாக் கட்சித் தேர்தல் அறிக்கைக் குழுவுக்கும், 2024 லோக்சபா தேர்தல்ல நீலகிரி தொகுதியில நிக்கிற எல்லா வேட்பாளருக்கும் வணக்கம்.

இதை எழுதுறவன் பெரிய ஆளு கிடையாது. கூடலூர்ப் பக்கம் ஒரு மேட்டுல அரை ஏக்கர், அதுல டீச்செடி, நாலஞ்சு மிளகுக்கொடி, ஒரு பலா மரம். எங்க அப்பாயி சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கை அட்டன் பக்கத்துலேர்ந்து கப்பல் ஏறி வந்தவங்க, அப்பா இங்க ஒரு தோட்டத்துல கவ்வாத்து வெட்டியே முதுகு வளைஞ்சவரு, ரிட்டயர்டு ஆனதும் தோட்டத்து லயத்து வீட்டுல இருக்க முடியாதுன்னு ஆனப்ப அங்க இங்க கடன் வாங்கி இந்த மேட்டைப் பிடிச்சாரு. பட்டா கிடையாது. செக்சன் 17 நிலம். கூடலூர்க்காரனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், மத்தவங்களுக்குப் பின்னாடி சொல்றேன்.

போன ஞாயித்துக்கெழமை எங்க சந்துக்கு மூணு ஜீப்பு வந்துச்சு, மூணு கட்சி. மூணு பேரும் காட்டைக் காப்போம்னாங்க, மூணு பேரும் பட்டா வாங்கித் தருவோம்னாங்க, அதுல ஒருத்தர் அதே மைக்ல ரோட்டை அகலப்படுத்துவோம், டூரிஸத்தை டபுள் பண்ணுவோம்னும் சொன்னாரு. அம்மா திண்ணையில உக்காந்து மூணு நோட்டீஸையும் வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டு, "ஏன்டா, இவங்க மூணு பேரும் ஒரே காட்டைத்தான் சொல்றாங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சுட்டேன். ராத்திரி படுத்தப்புறம் அந்தக் கேள்வி தூங்க விடல. அப்பறம்தான் போன்ல ஒவ்வொரு கட்சி அறிக்கையா எறக்கி ரெண்டு மூணு நாள் படிச்சேன். ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி இந்த வேலை பாக்குறது வாழ்க்கையில இதுதான் முதல் தடவை, பெருமைக்குச் சொல்லல, வெக்கப்பட்டுத்தான் சொல்றேன்.

படிச்சதுல புரிஞ்சது இது. உங்க அறிக்கைகள்ல காடு மூணு இடத்துல வருது. சுற்றுச்சூழல்னு ஒரு பக்கம், அங்க காடுன்னா மரக்கன்று, சதவீதம், கார்பன். பழங்குடியினர் நலன்னு இன்னொரு பக்கம், அங்க காடுன்னா உரிமை, பட்டா. உள்கட்டமைப்பு, சுரங்கம், மின்சாரம்னு மூணாவது பக்கம், அங்க காடுங்கிற பேரே வராது, ஆனா அந்தப் பக்கத்துல எழுதியிருக்கிற வேலை அத்தனையும் நடக்கப்போற இடம் காடுதான். இந்த மூணு பக்கத்தையும் எழுதுனவங்க ஒரே ரூம்ல உக்காந்து ஒரு டீ கூட குடிச்சிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது. அதனால கட்சிக்குக் கட்சி ஒப்பிட்டுப் பாக்கணும்னா சுற்றுச்சூழல் பக்கத்தை மட்டும் வச்சுப் பாக்கக்கூடாது, அங்க எல்லாரும் நல்லவங்க. முதல் ரெண்டு பக்கத்துக்கும் மூணாவது பக்கத்துக்கும் சண்டை வந்தப்ப நீங்க ஆட்சியில இருந்து என்ன பண்ணீங்க, அதை வச்சுத்தான் நான் பாக்குறேன்.

முதல்ல எங்க ஊர்க் கதை ஒண்ணு. 1995-ல நிலம்பூர் கோவிலகம்ங்கிற கேரள ராஜ குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடுங்கிறவரு கூடலூர் காட்டுல மரம் வெட்டி லாரி லாரியா போறதைப் பாத்துட்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. அந்த கேஸ்லதான் 1996 டிசம்பர் 12-ம் தேதி, காடுன்னா அகராதியில என்ன அர்த்தமோ அதுதான் காடு, யாரு சொத்தா இருந்தாலும் சரி, மத்திய அரசு அனுமதி இல்லாம அங்க வேற வேலை நடக்கக்கூடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. காட்டுக்குள்ள அனுமதி இல்லாம ஓடுன மரம் அறுக்குற மில்லு எல்லாம் நிக்கணும்னு ஆச்சு. காடுன்னா என்னன்னு நாட்டுக்கே சொன்ன கேஸ் எங்க ஊர்க் கேஸ். நீலகிரிக்கு ஓட்டுக் கேட்டு வர்ற எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல, ஜீப்புல வந்த மூணு பேருக்கும் தெரியல, நான் கேட்டுப் பாத்தேன்.

இப்ப நான் இருக்கிற நிலைமையைப் பாருங்க. அரசாங்கம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா காட்டு அறிக்கை போடுதில்ல, 2021 அறிக்கைப்படி நாட்டுல 7,13,789 சதுர கிலோமீட்டர் காடு, 21.71 சதவீதம்னு. அந்தக் கணக்குல ஒரு ஹெக்டேருக்கு மேல, பத்து சதவீதத்துக்கு மேல மர நிழல் விழுந்தாப் போதும், அது யாரு நிலமா இருந்தாலும் என்ன மரமா இருந்தாலும் காடு. தென்னந்தோப்பும் காடு, மாந்தோப்பும் காடு, சில்வர் ஓக் நிக்கிற டீத்தோட்டமும் காடு. ஆக சாட்டிலைட்டுக்கு எங்க டீத்தோட்டம் காடு. தாலுகா ஆபீசுக்கு, செக்சன் 17-ங்கிறதால எங்க அடுப்படி காடு. ஆனா 2023-ல டெல்லியில மாத்துன சட்டத்துக்கு, ரெக்கார்டுல ஏறாத நிஜமான சோலை, மலையில தானா வளந்த அந்தப் பழைய மரக்கூட்டம், காடே இல்ல. அம்மா கேட்டது சரியான கேள்விதான். எந்தக் காடு?

2023 திருத்தத்தைப் பத்தி பிஜேபிக்கு நேராவே கேக்குறேன், ஏன்னா 2014-லேர்ந்து ஆட்சியில இருக்கிறது நீங்க. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பேரையே மாத்திட்டீங்க, அந்த இந்திப் பேரை எங்க ரேஞ்ச் ஆபீஸ்லயே ஒருத்தரும் மூச்சு விடாம முழுசா சொல்லி நான் கேட்டதில்ல, அதை விடுங்க. விஷயம் என்னன்னா, இனி காடுன்னு முறையா அறிவிச்ச நிலம், இல்லைன்னா 1980 அக்டோபர் 25-க்கு அப்புறம் அரசு ரெக்கார்டுல காடுன்னு ஏறுன நிலம், இதுக்கு மட்டும்தான் சட்டம் பொருந்தும்னு சுருக்கிட்டீங்க. எல்லையிலேர்ந்து 100 கிலோமீட்டருக்குள்ள தேசப் பாதுகாப்புன்னு ரோடு, ரயில் போட்டா அனுமதி வேணாம். வடகிழக்கு மேப்பை எடுத்து ஒரு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, எவ்வளவு மிஞ்சுதுன்னு. மிருகக்காட்சி சாலை, சஃபாரி, எக்கோ டூரிஸம் எல்லாத்தையும் வன வேலைன்னு கணக்குல சேத்துட்டீங்க. மசினகுடியில ரிசார்ட்டு எப்படி மொளைச்சுதுன்னு பாத்த எங்களுக்கு எக்கோ டூரிஸம்னா என்னன்னு யாரும் வகுப்பு எடுக்க வேணாம், யானை வழித்தடத்துல கட்டுனதை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 2020 அக்டோபர்ல தீர்ப்பு வாங்க வேண்டியிருந்துச்சு.

இந்த மசோதாவை வழக்கமா பாக்க வேண்டிய நிலைக்குழுவுக்கு அனுப்பாம, அதுக்குத் தலைவர் காங்கிரஸ்காரர் ஜெய்ராம் ரமேஷ்ங்கிறதாலயோ என்னவோ, தனியா ஒரு கூட்டுக்குழு போட்டீங்க, அந்தக் குழு ஒரு வரியைக்கூட மாத்தாம திருப்பிக் குடுத்துச்சு. மணிப்பூர் அமளிக்கு நடுவுல ஜூலை 26-ம் தேதி லோக்சபாவுல குரல் வாக்கெடுப்புல பாஸ் ஆயிருச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல மிசோரம் சட்டசபை இந்தத் திருத்தம் எங்களுக்கு வேணாம்னு ஒருமனதா தீர்மானம் போட்டுச்சு, அப்ப அங்க ஆட்சியில இருந்தது உங்க கூட்டணிக் கட்சிதான். 2024 பிப்ரவரி 19-ல சுப்ரீம் கோர்ட்டும், மாநிலங்கள் தங்க ரெக்கார்டை சரி பண்ற வரைக்கும் பழைய அகராதி அர்த்தமே இருக்கட்டும்னு இடைக்கால உத்தரவு போட்டுருச்சு. ஏப்ரல் 14 அன்னைக்கு வந்த உங்க அறிக்கையில இதையெல்லாம் திரும்பிப் பாக்குறோம்னு ஒரு வரி இருக்குமான்னு தேடுனேன், இல்ல. 2070-ல நெட் ஜீரோ, அதாவது காத்துல விடுற கார்பனும் திரும்ப உறிஞ்சுறதும் சமமாகிரும்னு உங்க அரசு சொல்லுது. 2070-ல எங்க பலா மரமே இருக்குமான்னு தெரியல.

அப்ப காங்கிரஸுக்குப் போட்டுரலாமேன்னு என் தங்கச்சி வீட்டுக்காரர் சொல்றாரு. கொஞ்சம் பொறுங்க மச்சான்னேன்.

காங்கிரஸ் அறிக்கை காகிதத்துல நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்குறேன். வன உரிமைச் சட்டத்துக்கு தேசிய அளவுல தனி இயக்கம், தனி பட்ஜெட், நிலுவையில இருக்கிற மனுக்களை ஒரு வருஷத்துல முடிக்கிறது, தள்ளுபடி பண்ண மனுக்களை ஆறு மாசத்துல திரும்பப் பாக்குறது, பழங்குடிகளைப் பாதிக்கிற மாதிரி வனச் சட்டத்துல செஞ்ச திருத்தங்களை வாபஸ் வாங்குறது, காடுங்கிற வார்த்தைக்கே அறிவியல்படி புது விளக்கம் எழுதுறது. இந்தக் கடைசி விஷயத்தை வேற பெரிய கட்சி எதுவும் இவ்வளவு நேரா எழுதுனதா எனக்குத் தெரியல, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா ஹஸ்தேவ் காடு ஞாபகம் இருக்கா? சத்தீஸ்கர்ல, நடு இந்தியாவுல மிஞ்சியிருக்கிற பெரிய காடுகள்ல ஒண்ணு, அடியில நிலக்கரி. அங்க தோண்டக்கூடாதுன்னு 2010 வாக்குல உங்க மந்திரிசபை காலத்துலயே பேச்சு இருந்துச்சு, 2011-ல வன ஆலோசனைக் குழு வேணாம்னு சொல்லியும் அனுமதி குடுத்தது உங்க அமைச்சர். 2015-ல ராகுல் காந்தி அங்க மதன்பூருக்கே போயி மக்களோட நின்னாரு. 2018-ல மாநில ஆட்சி உங்க கைக்கு வந்துச்சு. 2021-ல அந்த ஜனங்க 300 கிலோமீட்டர் நடந்து ராய்ப்பூருக்கு வந்தாங்க, யாருகிட்ட? உங்க முதலமைச்சர்கிட்ட. 2022-ல புது சுரங்கத்துக்கு மாநில அனுமதி குடுத்தது அதே அரசு, நிலக்கரி போறது ராஜஸ்தான் அரசு மின் நிறுவனத்துக்கு, அங்கயும் அப்ப நீங்கதான். எதிர்ப்பு கூடுனதும் அதே வருஷம் ஜூலையில சுரங்கம் வேணாம்னு சட்டசபையில தீர்மானம். 2023 டிசம்பர்ல பிஜேபி ஆட்சிக்கு வந்துச்சு, முதலமைச்சர் பதவியேத்து பத்து நாள் கூட ஆகல, போலீசைக் குவிச்சு மரம் வெட்ட ஆரம்பிச்சாங்க. இப்ப நீங்க அங்க போயி போராட்டத்துல உக்காருறீங்க.

ஒரே காடு, ரெண்டு கட்சி, மூணு பக்கம். எதிர்க்கட்சியா இருக்கிறப்ப ரெண்டாவது பக்கம், ஆளுங்கட்சியா ஆனதும் மூணாவது பக்கம்.

வன உரிமைச் சட்டத்தைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இது காங்கிரஸும் இடதுசாரிகளும் சேந்து செஞ்ச நல்ல காரியம், மறைக்கக்கூடாது. 2006-ல பாஸ் ஆச்சு, 2007 டிசம்பர் 31-லேர்ந்து அமல். காட்டுல தலைமுறை தலைமுறையா இருக்கிறவனுக்கு நாலு ஹெக்டேர் வரைக்கும் நில உரிமை, அதைவிட முக்கியமா காட்டைச் சமூகமா சேந்து பாத்துக்கிற உரிமை, முதல் முடிவு எடுக்கிறது கிராம சபை. ஒடிஷாவுல நியமகிரி மலையில 2013-ல சுப்ரீம் கோர்ட்டு கிராம சபைகிட்ட கேளுங்கன்னு சொன்னப்ப 12 கிராம சபையும் ஒண்ணுவிடாம பாக்சைட் சுரங்கம் வேணாம்னு சொல்லிட்டாங்க, மலை இன்னைக்கும் நிக்குது. அந்தப் பலம் இந்தச் சட்டத்துக்கு உண்டு. அதனாலதானோ என்னவோ எல்லாரும் அதைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சாங்க. காட்டை வேற வேலைக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி கிராம சபை சம்மதம் வேணும்னு 2009-ல சுற்றறிக்கை போட்ட அதே காங்கிரஸ் அரசு, 2013 பிப்ரவரியில ரோடு, பைப்லைன், மின்கம்பி மாதிரி நீளமா போற திட்டத்துக்கு அது தேவையில்லைன்னு விலக்கு குடுத்துச்சு. பிஜேபி அரசு 2022-ல விதியையே மாத்தி, டெல்லி முதல்ல அனுமதி குடுத்துரும், மக்கள் உரிமையை மாநிலம் அப்புறமா பாத்துக்கட்டும்னு ஆக்கிருச்சு. தாலி கட்டி முடிச்சிட்டு பொண்ணுக்குச் சம்மதமான்னு கேக்குற மாதிரி. 2019 பிப்ரவரியில மனு தள்ளுபடி ஆனவங்களை வெளியேத்தச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு வந்தப்ப பத்து லட்சத்துக்கு மேல குடும்பம் நடுங்குச்சு, ரெண்டு வாரத்துல அந்த உத்தரவை நிறுத்தி வச்சாங்க, அதுக்கும் தேர்தல் பக்கத்துல வந்தது காரணம்னு நான் நினைக்கிறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க.

தமிழ்நாட்டுல கோர்ட்டு தடையைக் காரணம் காட்டி 2016 வரைக்கும் பட்டா குடுக்காம ஓட்டுனாங்க. இடையில திமுக ஆண்டுச்சு, அதிமுக ஆண்டுச்சு. பணியர், காட்டுநாயக்கர்ங்கிற பழங்குடி ஜனங்க எங்க பக்கத்து காலனியிலதான் இருக்காங்க, தேன் எடுக்கப் போற வழியில அவங்களுக்குத் தெரியாத மரம் கிடையாது. ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன், தாத்தா உங்களுக்கு சமூக உரிமை வந்துச்சான்னு. "வந்துச்சு, காயிதம் வந்துச்சு. காட்டு கேட்டோட சாவி வரல"ன்னாரு.

இடதுசாரித் தோழர்களே, சிரிக்காதீங்க, உங்க முறை இப்ப. 2023 திருத்தத்தை எதிர்க்குறதுல நீங்க தெளிவா இருக்கீங்க, வன உரிமைச் சட்டத்துக்கு நீங்க போட்ட உழைப்பும் தெரியும். ஆனா எங்க வீட்டு மேட்டுல நின்னா வயநாடு தெரியும். மாதவ் காட்கில் குழு 2011-ல மேற்குத் தொடர்ச்சி மலையைப் பத்தி அறிக்கை குடுத்தப்ப கேரளாவுல அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்ததுல நீங்களும் இருந்தீங்க, அப்ப காங்கிரஸ் கூட்டணியில இருந்த கட்சிகளும் இருந்துச்சு, சர்ச்சும் இருந்துச்சு. அப்புறம் கஸ்தூரிரங்கன் குழு அதைத் தண்ணி ஊத்தி இளக்கி 2013-ல இன்னொரு அறிக்கை குடுத்துச்சு, அதையும் ஏத்துக்கல. 2014-லேர்ந்து டெல்லி திரும்பத் திரும்ப வரைவு அறிவிக்கை விடுது, இறுதி அறிவிக்கை இன்னைக்கு வரைக்கும் வரல, அதுல காங்கிரஸுக்கும் பங்கு இருக்கு, பிஜேபிக்கும் இருக்கு. 2020 அக்டோபர்ல உங்க கேரள அரசு பட்டா நிலத்துல மரம் வெட்டிக்கலாம்னு ஒரு உத்தரவு போட்டுச்சு, அதைச் சாக்கா வச்சு வயநாட்டு முட்டில்ல நூறு நூறு வருஷத்து ஈட்டி மரத்தை எல்லாம் சாச்சு எடுத்துட்டுப் போனாங்க, பழங்குடிகிட்ட சொற்பக் காசைக் குடுத்து. நாலு மாசத்துல உத்தரவை ரத்து பண்ணீங்க. மரம் திரும்ப நிமிரல.

ஆனா ஒண்ணு, காட்கில் அறிக்கையை எதிர்த்த ஜனங்களை நான் முட்டாள்னு சொல்ல மாட்டேன். அந்த அறிக்கை என்னன்னு அவங்க மொழியில அவங்க கிராம சபையில யாரும் போயி உக்காந்து சொல்லல. வீட்டைப் புடுங்கிருவாங்கன்னு ஒருத்தன் மைக்ல சொன்னா, பட்டா இல்லாதவன் நம்பத்தான் செய்வான். நான் நம்பியிருப்பேன்.

தமிழ்நாட்டுக் கட்சிகளுக்கு வர்றேன். பசுமைத் தமிழ்நாடு இயக்கம்னு 2022-ல ஆரம்பிச்சு, காடும் மரமும் சேந்த பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டு போறோம்னு திமுக அரசு சொல்லுச்சு. அந்த 33 எங்கேர்ந்து வந்துச்சு? 1988 தேசிய வனக் கொள்கையில மூணுல ஒரு பங்குன்னு எழுதியிருந்தாங்க, அதுலேர்ந்து எல்லாக் கட்சியும் திருப்பதி லட்டு மாதிரி அதையே குடுக்குது. அதே கொள்கையில மலைப் பகுதியில மூணுல ரெண்டு பங்குன்னும் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. முதுமலைக்குள்ள போயி பாருங்க, மஞ்சள் கொன்றைங்கிற அந்நிய மரம். பூத்தா போட்டோவுக்கு அழகு, கீழ ஒரு புல்லு முளைக்காது, மான் திங்காது, யானை திங்காது. மேல ஊட்டிப் பக்கம் சீகை மரம், கற்பூர மரம், வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து அப்புறம் நம்ம ஆளுங்க காலம் வரைக்கும் சோலைப் புல்வெளியில நட்டு நட்டு, இப்ப ஓடைக்குத் தண்ணி இல்ல. இதெல்லாம் சாட்டிலைட்டுக்குப் பச்சைதான். திமுக அரசு அந்நிய மரத்தை எடுக்க 2022-ல கொள்கை போட்டது நல்ல விஷயம், அந்த வருஷமே காவிரி தெற்கு சரணாலயம், கடவூர் தேவாங்கு சரணாலயம்னு அறிவிச்சதும் நல்லது, அதிமுக ஆட்சியில மேகமலை திருவில்லிபுத்தூர் புலிகள் காப்பகம் வந்ததும் நல்லதுதான், யாரு செஞ்சாலும் நல்லதை நல்லதுன்னு சொல்லணும். ஆனா மஞ்சள் கொன்றையை வெட்டுனா உங்க சதவீதம் குறையும், சில்வர் ஓக் நட்டா கூடும். இந்தக் கணக்கோட 33-ஐ நோக்கி ஓடுனா எங்க போயி நிப்போம்னு உங்க வேட்பாளர்கிட்ட கேட்டேன். நல்ல கேள்வின்னாரு. பதில் வரல.

நாம் தமிழர் மேடையிலதான் காடு மலைன்னு அதிகமா காதுல விழுது, பேச்சு கேக்க நல்லாவும் இருக்கு. ஆனா நீங்க ஒரு நாளும் ஆளல, மூணாவது பக்கம் எழுத வேண்டிய கட்டாயமே உங்களுக்கு வரல, அதனால உங்களை எதை வச்சு அளக்குறதுன்னு எனக்குத் தெரியல. பனை விதை போடுறதோட நிக்காம, மூணு பக்கமும் எழுதிக் காட்டுங்க.

வெட்டுன காட்டுக்குப் பதிலா வேற இடத்துல காடு வளர்க்குறோம்னு எல்லாரும் சொல்ற அந்த காம்பா பணம். வெட்டுறவன் கட்டுற காசு பல வருஷமா டெல்லியில தூங்கிக் கெடந்துச்சு, 2016-ல சட்டம் போட்டு 2019 ஆகஸ்ட்ல 47,000 கோடி ரூபாய்க்கு மேல மாநிலங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க. குடுத்தது சரி. ஆனா காட்டை எப்படிப் பதிலுக்குக் குடுப்பீங்க? கிரேட் நிக்கோபார்ல துறைமுகம், ஏர்போர்ட்டு, டவுன்ஷிப்புன்னு 72,000 கோடி திட்டம், 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்கப் போறாங்க, அரசாங்கமே சொன்ன கணக்கு 9.64 லட்சம் மரம். ஷோம்பென்ங்கிற பழங்குடி ஜனங்க வாழுற தீவு. அதுக்குப் பதில் மரம் நடப்போற இடம் எது தெரியுமா, ஹரியானா. கடல் தாண்டி 2,000 கிலோமீட்டருக்கு மேல. அந்தத் தீவுக் கரையில முட்டை போடுற தோல்முதுகுக் கடலாமை இனி ஹரியானாவுக்கா போகும்? எங்க அப்பா சொல்வாரு, ஒரு செடி செத்தா அந்தக் குழியிலயே நடணும்டா, அடுத்த தோட்டத்துல நட்டா அது கங்காணி கணக்குக்கு மட்டும்தான் ஆகும்னு.

இப்ப செக்சன் 17. நிலம்பூர் கோவிலகத்து ஜன்மம் நிலம், அதாவது பரம்பரை ஜமீன் மாதிரியான நிலம், எல்லாத்தையும் அரசு எடுத்துக்கிற சட்டம் 1969-ல வந்து, கோர்ட்டு கேஸ் எல்லாம் தாண்டி 1974-ல அமலுக்கு வந்துச்சு. மொத்தம் 80,000 ஏக்கருக்கு மேல. அதுல குத்தகையில இருந்த நிலத்தை என்ன பண்றதுன்னு முடிவு பண்ற பிரிவு 17. அம்பது வருஷம் ஆச்சு. இந்தச் சட்டத்தை வச்சு வந்த கேஸ்ல 2007-ல ஒம்பது நீதிபதிங்க உக்காந்து அரசியல் சட்டத்தோட ஒம்பதாவது அட்டவணையை, அதாவது கோர்ட்டு கைவைக்கக்கூடாதுன்னு சட்டங்களைச் சேத்து வைக்கிற பட்டியலைப் பத்தியே தீர்ப்பு எழுதுனாங்க, சட்டக் காலேஜுல பாடமா இருக்கு. எங்க வீட்டுக்கு இன்னும் கரண்டு கனெக்‌ஷன் இல்ல. ஒரு ஆபீஸ்ல போயி கேட்டா அடுத்த ஆபீஸ்ல தடையில்லாச் சான்று வாங்கிட்டு வாங்கங்கிறாங்க, அங்க போனா கேஸ் நடக்குது, எழுதித்தர முடியாதுங்கிறாங்க. மூணு வருஷம் முன்னாடி கக்கூஸ் கட்ட பத்து மூட்டை சிமெண்டும் கொஞ்சம் எம் சாண்டும் கொண்டு வந்தோம், வழியில நிறுத்தி இறக்க விடல, மழையில சிமெண்டு கல்லாப் போச்சு. அந்தப் பத்து கல்லும் இன்னும் எங்க வாசல்ல படிக்கட்டா கெடக்கு, ஓட்டுக் கேட்டு வந்த மூணு கட்சிக்காரங்களும் அதுமேல கால் வச்சுத்தான் ஏறி வந்தாங்க.

இதைச் சொல்லிட்டு நான் என்ன கேக்கணும்? காடுங்கிற அந்த அகராதி அர்த்தத்தைத் தூக்குங்கன்னுதானே கேக்கணும், எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான் கேக்குறாங்க, 2023 திருத்தம் வந்தப்ப இனி நமக்கு விடிவுன்னு பட்டாசு வெடிக்காத குறை. நான் ஒரு வாரம் யோசிச்சுப் பாத்தேன். அந்தச் சட்டம் என் அரை ஏக்கரை விடுவிக்க எழுதுனது இல்ல. நான் விடுபட்டா ஒரு பலா மரம், நாலு மிளகுக்கொடி. எனக்கு மேல மலையில ஆயிரக்கணக்கான ஏக்கர் வச்சிருக்கிற பெரிய தோட்டம் விடுபட்டா அதுக்குள்ள இருக்கிற சோலை, ஓடை, யானை இறங்குற பள்ளம் எல்லாம் ஒரே கையெழுத்துல போயிரும். அந்த யானை அப்ப எங்க வரும்? என் பலா மரத்துக்குத்தான். ஏற்கனவே வருது. 2022-ல ஒரு மக்னாவை, தந்தம் இல்லாத ஆண் யானையை, பிடிச்சுட்டுப் போனாங்க, 2024 ஜனவரியில பந்தலூர்ப் பக்கம் சிறுத்தை ஒரு மூணு வயசுக் குழந்தையைக் கொன்னுருச்சு, ஜார்க்கண்ட்லேர்ந்து டீத்தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். ஊரே ரோட்டுல உக்காந்துச்சு. அன்னைக்கு வந்த அத்தனை கட்சிக்காரங்களும் நஷ்ட ஈட்டைப் பத்திப் பேசுனாங்க, காட்டைப் பத்தி ஒருத்தரும் பேசல.

அதனால நான் கேக்குறது வேற. குடியிருக்கிற வீட்டையும் சோலையையும் ஒரே சர்வே நம்பர்ல கட்டி வைக்காதீங்க. ஆள் வந்து, செயின் போட்டு, ட்ரோன் விட்டு, எது வேணாலும் பண்ணி, இது வீடு, இது சின்ன விவசாயி நிலம், இது பெரிய தோட்டம், இது சோலைன்னு பிரிங்க, கிராம சபையில வச்சு வாசிங்க, அதைக் கொண்டுபோயி கோர்ட்டுல குடுங்க. எந்தக் கட்சி ஆண்டாலும் இதைச் செய்ய ஒரு சட்டமும் தடுக்குறதா எனக்குத் தெரியல. வீட்டுக்குப் பட்டா குடுத்தா அந்தச் சோலையைக் காக்க முதல் ஆளா நான் நிப்பேன், ஏன்னா என் வீட்டு ஊத்துத் தண்ணி அங்கேர்ந்துதான் வருது. டெல்லிக்குப் போறவரு இன்னும் ரெண்டு விஷயம் எழுத்துல குடுங்க, காட்டுக் கணக்குல டீத்தோட்டத்தையும் தோப்பையும் தனி வரியில காட்டுவீங்களா, கிராம சபைகிட்ட அனுமதிக்கு முன்னாடி கேப்பீங்களா பின்னாடி கேப்பீங்களா. ஆமா இல்லைன்னு பதில் போதும், கவிதை வேணாம்.

ஏப்ரல் 19-ம் தேதி ஓட்டு. நாளைக்கு சாயங்காலம் திரும்ப ஜீப்பு வரும்னு நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாங்க. இந்த மடலை டவுன்ல அஞ்சு காப்பி எடுத்து வச்சிருக்கேன், கவர்ல எந்தக் கட்சி பேரும் எழுதல. அம்மா அந்த சிமெண்டு படியிலதான் உக்காந்திருக்கும், எவரு ஜீப்பை நிறுத்தி இறங்குறாரோ அவர்கிட்ட ஒண்ணைக் குடுத்து, அவரு முழுசா படிச்சு முடிக்கிற வரைக்கும் டீ போடாம பாத்துக்கிட்டு இருக்கும்.

இப்படிக்கு,
கூடலூர், செக்சன் 17, பட்டா இல்லாததால கதவு நம்பரும் இல்லாத ஒரு வீட்டுக்காரன்